எங்க வீடு இதுல எங்க சார் வரும்?



போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து பேத்தி போன் செய்தாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் 'கோயில் நகரங்கள்' என்று ஒரு புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்களாம். "தாத்தா, கோயிலைச் சுத்தி ஊர் வந்துச்சா, ஊர் வந்த பிறகு கோயில் வந்துச்சா? சீக்கிரம் சொல்லுங்க, எழுதணும்" என்றாள்.

முப்பத்து நான்கு வருடம் சரித்திரம் நடத்தியவனுக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா? "ஒரு பேப்பரை எடு, நடுவுல ஒரு சதுரம் போடு" என்று ஆரம்பித்தேன். அடுத்த வார்த்தை வரவில்லை. "நாளைக்குச் சொல்றேன்டா கண்ணு" என்று வைத்துவிட்டேன்.

ஏன் வரவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். முன்பெல்லாம் மணி அடித்த பிறகும் உங்களை உட்கார வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறேன். அதையே பொறுத்துக்கொண்டீர்கள், இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் படித்தவர்கள் எல்லோருக்கும் அந்தப் படம் நினைவிருக்கும். கரும்பலகையின் நடுவில் சிவப்புச் சாக்பீஸால் ஒரு சின்னச் சதுரம் போடுவேன். அது மீனாட்சி அம்மன் கோயில். மதிலுக்கு உள்ளேயே ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை வீதி. அதைச் சுற்றி ஆவணி மூல வீதி. அதைச் சுற்றி மாசி வீதி. கடைசியில் வெளி வீதி. ஐந்து சதுரம், ஒன்றுக்குள் ஒன்று. எந்த மாதத்தில் எந்த வீதியில் சாமி வலம் வந்ததோ அந்த மாதமே அந்த வீதிக்குப் பெயர் ஆனது என்று சொல்லுவேன். திருமலை நாயக்கர் மாசியில் நடந்த பெரிய திருவிழாவைச் சித்திரைக்கு மாற்றினார், ஆனாலும் தேர் இன்றைக்கும் மாசி வீதியில்தான் ஓடுகிறது, மாதம் மாறினாலும் வீதி மாறவில்லை பார்த்தீர்களா என்று கேட்பேன். உங்களுக்குப் பிடித்த இடம் அது. எனக்கும்தான்.

1987ஆம் வருடம். ஒன்பதாம் வகுப்பு. படம் வரைந்து முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு திரும்பினேன். "பார்த்தீங்களா, வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா இருக்கு. நடுவுல கோயில். சுத்தி ஊரு. கோயில் இல்லாட்டி ஊரே இல்ல" என்று முடித்தேன். கடைசிக்கு முந்தின பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். நன்றாகப் படிப்பவன், அதிகம் பேசாதவன்.

"சார், எங்க வீடு இதுல எங்க சார் வரும்?"

வகுப்பில் சிரிப்பு கிளம்பியது. அவன் வீடு எங்கே என்று சிரித்தவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். திண்டுக்கல்லிலிருந்து நாலைந்து மைல் தள்ளி ஒரு கிராமம். அந்தக் கிராமத்திலும் ஊருக்குள் இல்லை. வாய்க்காலைத் தாண்டித் தனியாக ஒரு தெரு. என் வீடு அப்போது ரத வீதியில். தேர் வரும் நாளில் வாசல் திண்ணையில் உட்கார்ந்தபடியே சாமி கும்பிட்டு வளர்ந்தவன் நான்.

"இது மதுரைடா. உங்க ஊர் இல்ல. உக்காரு" என்றேன்.

தகவல் சரிதான். பதில்தான் தப்பு. அவன் கேட்டது என்ன என்பது எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் உட்காரச் சொன்னேன். மணி அடிக்கும் வரை அந்தப் பக்கம் திரும்பாமலே பாடத்தை முடித்தேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை அதே படத்தை வருடா வருடம் வரைந்தேன். ஒவ்வொரு தடவையும் ஐந்தாவது சதுரத்தை முடிக்கும்போது கை லேசாக நிற்கும். நிற்கும், பிறகு போய்விடும்.

ஓய்வுக்குப் பிறகு நேரம் கிடைத்தது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் தேட ஆரம்பித்தேன்.

முதலில் சொற்களைப் பார்த்தேன். கோயில் என்றால் கோ இருக்கும் இல், தலைவனுடைய வீடு. பழந்தமிழில் அரசன் அரண்மனைக்கும் அதே சொல், தெய்வத்தின் இடத்துக்கும் அதே சொல். இன்னொரு சொல் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 'நகர்' என்றால் இன்று ஊர். சங்கப் பாடல்களில் அது மாளிகைக்கும் வரும், கோயிலுக்கும் வரும். அண்ணா நகர், காந்தி நகர் என்று பஸ் போர்டில் வாசிக்கிறோமே, அந்தச் சொல்லுக்குள்ளேயே ஊரும் கோயிலும் ஒன்றாகக் கிடக்கின்றன. பேத்தியின் கேள்விக்கு மொழியிடம் பதில் இல்லை. அது இரண்டையும் பிரிக்கவே இல்லை.

வேறு நாடுகளைப் பார்த்தேன். இன்றைய இராக்கின் தெற்கே சுமேரியர்களின் ஊருக் என்று ஒரு நகரம் இருந்தது. உலகின் மிகப் பழைய பெருநகரங்களில் ஒன்று. அதன் நடுவில் ஏயன்னா என்ற கோயில் வளாகம். அந்தப் பெயருக்கு வானத்தின் வீடு என்று பொருள். சுமேரிய மொழியிலும் கோயிலுக்குச் சொல் வீடுதான். மனிதன் முதன்முதலாக எழுதியவற்றில் சில அங்கேதான் கிடைத்தன. களிமண் பலகைகள், ஏறத்தாழ 5,300 வருடப் பழமை. சாமிப் பாட்டு, ராஜா கதை எல்லாம் இருக்கும் என்று ஆசையாகப் போனால், பெரும்பாலும் கணக்கு! இத்தனை ஆடு, இத்தனை படி பார்லி, இன்னாருக்கு இவ்வளவு கூலி. கோயிலில் தானியம் வந்து குவிந்தது. குவிந்ததை எண்ண வேண்டியிருந்தது. எண்ணியதை மறக்காமல் இருக்க எழுத்து வந்தது.

ஆடு என்றதும் எனக்குத் தஞ்சாவூர் நினைவு வந்தது. உங்களில் எத்தனையோ பேரைச் சுற்றுலா என்று பெரிய கோயிலுக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். கோபுர நிழல் கீழே விழாது என்ற கதையெல்லாம் வழிகாட்டி சொல்ல, நாமும் தலையாட்டிவிட்டு வந்தோம். சுவரைப் படித்தோமா? அந்தச் சுவர் முழுக்கக் கணக்கு. 1010இல் ராஜராஜன் கட்டி முடித்த கோயில். ஒரு விளக்கு அணையாமல் எரிய தினம் ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கு 96 ஆடுகள். ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் குடும்பம் தினமும் நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டி அந்த இடத்தை நிரப்பும், எண்ணிக்கை குறையக் கூடாது. அதனால் அதற்கு சாவா மூவாப் பேராடு என்று பெயர். கோயில் பணத்தைக் கிராமச் சபைகள் கடன் வாங்கின. ஒரு காசுக்கு வருடம் அரைக்கால் காசு வட்டி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. நம்ம ஊர் நகைக்கடன் வட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே சுவரில் ஒரு குடியிருப்புப் பட்டியலும் இருக்கிறது. கோயிலில் ஆடவும் பாடவும் சோழ நாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 பெண்களை அழைத்து வந்து தளிச்சேரித் தெருக்களில் குடிவைத்தார்கள். ஒவ்வொருவர் பெயரும் இருக்கிறது. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பதும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு வீடு, வருடத்துக்கு நூறு கலம் நெல். அவர்களோடு வாத்தியம் வாசிப்பவர்கள், கணக்கு எழுதுபவர்கள், குடை பிடிப்பவர்கள், குயவர், தச்சர், தையல்காரர், நாவிதர், துணி வெளுப்பவர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஆயிரம் வருடத்துக்கு முந்திய வீட்டு எண்ணோடு கூடிய வாக்காளர் பட்டியலைப் படிக்கிற மாதிரி இருந்தது எனக்கு. கோயில் எப்படி ஊரை உண்டாக்கியது என்று கேட்டால் அந்தச் சுவரைத்தான் காட்ட வேண்டும். வேலை கொடுத்தது, நெல் கொடுத்தது, வீடு கொடுத்தது. ஆள் வந்தார்கள். ஆள் வந்ததால் கடை வந்தது. கடை வந்ததால் தெரு வந்தது.

நான் 1987இல் சொன்னதும் அதுதானே என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அடுத்த கல்வெட்டில் அது போயிற்று.

கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த கிராமங்களின் பட்டியல் அது. ஒவ்வொரு கிராமத்திலும் மொத்த நிலம் இவ்வளவு, அதில் வரி இல்லாத இடங்கள் இவை இவை என்று கழித்துக்கொண்டு வருகிறார்கள். ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடாகப் போகும் வாய்க்கால்கள், கம்மாளர் சேரி, பறைச்சேரி, சுடுகாடு. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்றே எழுதியிருக்கிறது. ஊர் ஊராக அதே வரிசை திரும்பத் திரும்ப வருகிறது.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஆடுகிற பெண்ணுக்கு வீட்டு எண் இருக்கிறது. விளக்குக்கு எத்தனை ஆடு என்று இருக்கிறது. கோயில் நெல்லை விளைவித்த வயலில் இறங்கியவர்களின் தெருவுக்கு ஒரே ஒரு சொல். அதுவும் வாய்க்காலுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில். "எங்க வீடு இதுல எங்க சார் வரும்?" என்று அவன் கேட்டானே, பதில் ஆயிரம் வருடமாகக் கல்லில் இருந்திருக்கிறது. அவன் தெருவும் வாய்க்காலைத் தாண்டித்தான் இருந்தது.

சரி, கோயில் இல்லாமல் ஊரே இல்லை என்று சொன்னேனே, அதுவாவது உண்மையா? மதுரைக்குப் பக்கத்திலேயே கீழடி இருக்கிறது. 2014இல் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள். செங்கல் கட்டடம், உறைகிணறு, பானை ஓட்டில் தமிழ் எழுத்தில் ஆள் பெயர்கள், நெசவுக்கான தக்களி, பகடைக்காய், பாசிமணி எல்லாம் வந்தன. இதுதான் கோயில் என்று காட்டும்படியான கட்டடம் நான் படித்த அறிக்கைகளில் இல்லை. சிந்துவெளியின் மொகஞ்சதாரோவிலும் அப்படித்தான். நேரான தெரு, மூடிய சாக்கடை, பெரிய குளம் எல்லாம் உண்டு. கோயில் என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரு கட்டடம் இல்லை. அங்கெல்லாம் தெய்வம் இல்லாமல் இருந்திருக்காது. மரத்தடியிலோ மண் மேடையிலோ இருந்திருக்கலாம். ஆனால் ஊர் நிற்பதற்கு நடுவில் ஒரு கோபுரம் கட்டாயம் இல்லை என்பது தெரிகிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போனவர்கள் கையைத் தூக்குங்கள். ராஜேந்திரன் கட்டிய தலைநகரம். ஏறத்தாழ இருநூற்றைம்பது வருடம் அங்கிருந்துதான் சோழ ஆட்சி நடந்தது. இன்று அந்தக் கோயில் அப்படியே நிற்கிறது. அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் அஸ்திவாரச் செங்கல் மட்டும் தரையில் தெரிகிறது. சுற்றிலும் வயலும் சின்னக் கிராமமும். சுமேரியாவின் ஊர் என்ற நகரத்திலும் இதே கதைதான். ஆமாம், அந்த நகரத்தின் பெயரே 'ஊர்'. யூப்ரடீஸ் ஆறு விலகிப் போனது, ஜனங்கள் போனார்கள், நன்னா என்ற நிலாத் தெய்வத்தின் படிமேடை மட்டும் பாலைவனத்தில் நிற்கிறது. ஊர் போய்க் கோயில் மிஞ்சினால் அதைப் பார்க்க டிக்கெட் எடுத்துத்தான் போகிறோம்.

இவ்வளவு தூரம் சுற்றியவன் வீட்டு வாசலைப் பார்க்கவில்லை. நம்ம மலையைச் சொல்கிறேன்.

திண்டு மாதிரி கல் இருக்கிற ஊர் திண்டுக்கல் என்று சொல்லி வளர்ந்தோம். மலை மேல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605இல் கோட்டை கட்டினார். பிறகு 1755இல் மைசூரின் பௌஜ்தாராக ஹைதர் அலி வந்தார். 1790இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், 1792 உடன்படிக்கையில் இந்தச் சீமையே அவர்கள் கைக்குப் போனது. கோட்டைக்கு உள்ளே உச்சியில் ஒரு கோயில் இருக்கிறது. தூண், மண்டபம், சிற்பம் எல்லாம் உண்டு. கருவறையில் சாமி இல்லை. மேலே இருந்த பத்மகிரீஸ்வரரும் அபிராமியும் கோட்டை படைகளின் இடமான காலத்தில் அடிவாரத்துக்கு வந்துவிட்டார்கள் என்பது ஊர் வழக்கு. இன்று அவர்கள் ஊருக்கு நடுவில், காளஹஸ்தீஸ்வரரோடும் ஞானாம்பிகையோடும் ஒரே கோயிலில் இருக்கிறார்கள். நாம் அதை அபிராமி அம்மன் கோயில் என்றே சொல்கிறோம். வெள்ளிக்கிழமை நான் அங்கே போவது உங்களில் பலருக்குத் தெரியும், பிரகாரத்தில் பார்த்தால் காலில் விழுந்து என்னைக் கூச்சப்படுத்துகிறீர்கள்.

கிரேக்க நாட்டின் ஏதென்ஸிலும் இப்படி ஒரு பாறை. அதன் மேல் அதீனா தெய்வத்துக்குப் பார்த்தனான் என்ற கோயிலைக் கி.மு. 447இல் தொடங்கி 432இல் முடித்தார்கள். பிறகு அது மாதா கோயில் ஆனது, அப்புறம் மசூதி ஆனது, துருக்கியர் காலத்தில் வெடிமருந்து வைக்கும் கிடங்கும் ஆனது. 1687இல் வெனிஸ் படையின் குண்டு விழுந்து பாதி இடிந்தது. தெய்வச் சிலை எப்போதோ போய்விட்டது. கீழே ஏதென்ஸ் ஜேஜே என்று இருக்கிறது. நம்ம ஊரும் அதே மாதிரிதான். மலை மேலே சாமி இல்லாத கோயில் இருக்க, கீழே பூட்டுப் பட்டறை, தோல் ஷாப்பு, புகையிலை, வெங்காய மண்டி, பூ மார்க்கெட், பிரியாணிக் கடை என்று ஊர் வளர்ந்துகொண்டே போனது. 1866இல் நகராட்சி, 2014இல் மாநகராட்சி.

மலையடிவாரத்தில் கோட்டை மாரியம்மன் இருக்கிறாள். கோட்டையில் இருந்த சிப்பாய்கள் வைத்துக் கும்பிட்ட அம்மன் என்று சொல்வார்கள். ராஜா கட்டியது மேலே காலியாக இருக்கிறது, சிப்பாய்கள் கும்பிட்டது என்று சொல்கிற இடத்தில் மாசித் திருவிழாவுக்கு நிற்க இடம் கிடைப்பதில்லை. பூச்சொரிதல் அன்றைக்கு எந்தத் தெருவிலிருந்து யார் பூ கொண்டுவருகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கொஞ்ச தூரத்தில் பேகம்பூர். ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அங்கே அடக்கமானதால் அந்தப் பெயர். அங்கே பள்ளிவாசலைச் சுற்றி ஒரு ஊர். மாதா கோயிலைச் சுற்றி இன்னொரு ஊர். எங்கள் வாத்தியார் வேலைக்கு வசதியாக ஒரே சதுரத்துக்குள் அடக்கி வரைய முடியாத ஊர் இது. அதனால்தானோ என்னவோ நான் வகுப்பில் எப்போதும் மதுரையையே வரைந்தேன்.

அந்த மதுரைச் சதுரமும் தானாகத் திறக்கவில்லை. 1939 ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாத ஐயர், கக்கன் முதலானவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனார். ஐந்து சதுரங்களையும் தாண்டி நடுச் சதுரத்துக்குள் நடந்து போக அத்தனை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. அந்தக் கடைசிச் சதுரத்தின் கதையும் கேளுங்கள். வெளி வீதியை ஒட்டி நின்ற கோட்டைச் சுவரை 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடிக்கச் செய்தார். சுவர் போன இடத்தில் தெருக்கள் வந்தன. அதில் ஒரு தெரு இன்றைக்கும் பெருமாள் மேஸ்திரி வீதி. சுவரை இடிக்கும் வேலையைப் பார்த்த மேஸ்திரி. ராஜாக்களும் மாதங்களும் மட்டுமே இருந்த படத்தில் வேலைக்காரர் ஒருவரின் பெயர். 1987இல் இது எனக்குத் தெரியும். பரீட்சைக்கு வராது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்.

போன மாசியில் ஒரு நாள் சாயங்காலம் வாசலில் பைக் சத்தம். தலையெல்லாம் நரைத்த ஒருவர், கூட மனைவி. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மேலே கல்யாணப் பத்திரிகை. "சார், அடையாளம் தெரியுதா?" என்றார். குரலில் கண்டுபிடித்துவிட்டேன். கடைசிக்கு முந்தின பெஞ்சு. இப்போது நூல் மில்லில் மேஸ்திரியாம். மகளுக்குக் கல்யாணம். மகள் எம்.எஸ்ஸி. முடித்திருக்கிறாள். "நீங்க வந்து ஆசீர்வாதம் பண்ணணும் சார்" என்றார்கள் இரண்டு பேரும்.

அவர் என்று எழுதுகிறேன், வாயில் அவன் என்றுதான் வருகிறது. வாத்தியாருக்கு இந்தச் சலுகை உண்டு.

காபி வந்தது. எனக்குக் கை நடுங்கியது. "தம்பி, ஒன்பதாவதுல ஒரு நாள் ஒரு கேள்வி கேட்டியே, மதுரைப் படத்துல எங்க வீடு எங்கன்னு. அன்னிக்கு நான் உன்னை உக்கார வச்சுட்டேன். அது தப்பு. அப்பவே தெரியும் தப்புன்னு" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். "நான் கேட்டேனா சார்? கேள்வி ஞாபகம் இல்லையே" என்று சிரித்தான். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஆனா ஒரு நாள் முழு பீரியடும் எங்க பக்கமே திரும்பாம பாடம் நடத்துனீங்க. அது ஞாபகம் இருக்கு. என்ன தப்பு பண்ணோம்னு வீட்டுக்குப் போற வரைக்கும் யோசிச்சுக்கிட்டே போனேன்" என்றான்.

முப்பத்தெட்டு வருடம் நான் கேள்வியைச் சுமந்துகொண்டிருந்தேன். அவன் என் முகத்தைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறான்.

உள்ளே போய் ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்து வந்தேன். "உங்க ஊரை வரைடா, நான் பாக்கணும்" என்றேன். முதலில் வெட்கப்பட்டான். மனைவி, "வரைங்க, சார் கேக்குறாங்கல்ல" என்றார். வரைந்தான். பேப்பரின் நடுவில் அவனுடைய பழைய வீடு. பக்கத்தில் அவனுடைய சித்தப்பா வீடு, புளியமரம், அடிகுழாய், அவர்கள் கும்பிடும் காளியம்மன் மேடை. பிறகு வாய்க்கால். வாய்க்காலில் எந்த இடத்தில் கல் போட்டுத் தாண்டுவார்கள் என்பதற்குக்கூட ஒரு புள்ளி. அதற்கு அப்பால் ஊர். ஊருக்குள் இரண்டு மூன்று தெரு. பேப்பரின் மேல் மூலையில் கடைசியாக ஒரு சின்னச் சதுரம் போட்டு, "இது பெருமாள் கோயில் சார்" என்றான்.

அவன் படத்தில் கோயில் ஓரத்தில் இருந்தது. அவன் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அது அங்கேதான் இருக்கும். நான் ரத வீதியில் பிறந்தவன், எனக்கு நடுவில் தெரிந்தது. இரண்டும் சரியான படம்தான். நான் வருடா வருடம் ஒன்றை மட்டும் சரி என்று மார்க் போட்டேன்.

இதைக் கோயிலுக்கு எதிரான பேச்சு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், முக்கியமாக என் அக்கா வீட்டுக்காரர்கள். அம்மன் மேல் எனக்குள்ள பக்தி ஒரு துளியும் குறையவில்லை. குளம் வெட்டியதும், பஞ்சத்துக்கு நெல் சேர்த்ததும், சிற்பமும் பாட்டும் ஆயிரம் வருடம் அழியாமல் இருப்பதும் கோயிலால்தான். ஆனால் அந்த நெல் யார் காலடி மண்ணிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது சரித்திரம். சேர்க்காமல் சொன்னால் அது ஸ்தல புராணம். நான் சம்பளம் வாங்கியது சரித்திரம் நடத்த.

பேத்திக்கு மறுநாள் போன் செய்தேன். "கோயில் முதல்லயா ஊர் முதல்லயான்னு நாலு அறிஞர் நாலு விதமா சொல்லுவாங்க. நீ இப்படி எழுது: சில ஊர்கள் கோயிலைச் சுத்தி வளர்ந்துச்சு, சில ஊர்கள் கோயில் இல்லாமலே வளர்ந்துச்சு, சில ஊர்ல ஊர் போயிக் கோயில் மட்டும் நிக்குது. எல்லா ஊர்லயும் கல்லு சுமந்தவங்களும் நெல்லு விளைவிச்சவங்களும் இருந்தாங்க. படம் வரையும்போது அவங்க வீட்டையும் போடு" என்றேன். "எங்க போடுறது தாத்தா?" என்றாள். "அதைத்தான் நானும் இவ்வளவு நாளா தேடினேன். வெளி வீதியோட பேனாவை நிறுத்தாத. பேப்பர் பத்தலைன்னா இன்னொரு பேப்பரை ஒட்டிக்கோ" என்றேன்.

என்னிடம் படித்துவிட்டு நீங்களும் ஆசிரியர்களாக ஆனவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். என் மதுரைப் படத்தை இன்னும் வகுப்பில் வரைவதாகச் சிலர் சொல்லியிருக்கிறீர்கள், பெருமையாகவும் இருந்தது. வரையுங்கள். வரைந்து முடித்ததும் பிள்ளைகளைப் பார்த்து, "உங்க வீடு இதுல எங்க வரும்?" என்று நீங்களே கேளுங்கள். யாராவது பதில் சொல்லத் தயங்கினால் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். மற்றதை அவர்களே வரைந்து காட்டுவார்கள்.

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தான். பெண்ணும் மாப்பிள்ளையும் ஆசீர்வாதம் வாங்க வந்தபோது, "எங்க சார், சரித்திர வாத்தியார்" என்று எல்லோரிடமும் சொன்னான். அவன் வரைந்த படம் என் மேஜைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்கலாம்.

எல்லோரும் நலமாக இருங்கள். அடுத்த முறை மலையேறினால் உச்சிக் கோயிலில் கொஞ்சம் நின்று நான்கு பக்கமும் கீழே பாருங்கள். உங்கள் வீடு எங்கே என்று கண்டுபிடித்து இங்கே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய சரித்திர வாத்தியார்,
திண்டுக்கல்.